மெய்ப்பேட்டுத் தளவாய்: அரியநாத முதலியாரின் வாழ்வும் திருப்பணியும் – குன்றத்தூர்ச் சேக்கிழார் மரபோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மதுரை நாயக்கர் ஆட்சியின் முதல் எழுபது ஆண்டுகளில் தளவாயாகவும் பிரதானியாகவும் விளங்கியவர் எனப் போற்றப்படுபவர் அரியநாத முதலியார். பாளையப் பிரிவினை, மதுரைக் கோட்டை, மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபம் ஆகியவை அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றன. அவரது வரலாறு பெரும்பாலும் பிற்காலக் கைபீதுகளையும் குடிமரபுச் செய்திகளையும் சார்ந்து எழுதப்பட்டது. தொண்டை மண்டலத்தின் மற்றோர் அரசு அலுவலரும் கோயிற் புரவலருமான குன்றத்தூர்ச் சேக்கிழாரின் வரலாற்றை எழுதுவதில் எழுந்த சிக்கலை முன்வைத்து, அரியநாதர் வரலாற்றின் காலக்கணக்கையும் அவருக்கு உரியனவாகக் கூறப்படும் செயல்களையும் இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது.

திறவுச் சொற்கள்: அரியநாத முதலியார், தளவாய், பாளையம், ஆயிரங்கால் மண்டபம், சேக்கிழார், குன்றத்தூர், மெய்ப்பேடு, தொண்டை மண்டலம்.

முன்னுரை

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை இன்று அறிபவர்கள் அதனை வாகனத் தொழிற்சாலைகளும் சரக்குக் கிடங்குகளும் நிறைந்த நிலமாகவே அறிவர். இந்நிலத்தின் கிழக்கே குன்றத்தூர் உள்ளது. ஸ்ரீபெரும்புதூருக்கு வடமேற்கில் சிறிது தொலைவில், பல்முனைச் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்காகப் பெயர் அடிபடும் மப்பேடு உள்ளது. முன்னது சேக்கிழாரின் ஊர். பின்னது அரியநாத முதலியார் பிறந்ததாக மரபு கூறும் மெய்ப்பேடு. இருவரும் தொண்டை மண்டல வேளாளர் குடியினர். தம் ஊரைவிட்டுத் தெற்கே சென்று பேரரசு ஒன்றன் உயர்பதவியை எய்தியவர்கள். பதவியில் ஈட்டிய செல்வாக்கைக் கோயிற்பணியாக மாற்றியவர்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டு இடைவெளி உண்டு.

ஒருவர் புலவராகவும் மற்றவர் படைத்தலைவராகவும் நினைக்கப்படுவதால் இவ்விருவரையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் வழக்கம் ஆய்வுலகில் இல்லை. ஆயினும், இவர்களுடைய வாழ்க்கை வரலாறு நமக்கு வந்துசேர்ந்த வழி ஏறத்தாழ ஒன்றே. அந்த ஒற்றுமையே இக்கட்டுரைக்கு அடிப்படை.

குன்றத்தூர் முன்மாதிரி

சேக்கிழாரின் வாழ்வை விரிவாகக் கூறும் நூல் உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகப் போற்றப்படும் சேக்கிழார் புராணம். அதன்படி, புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில் சேக்கிழார் குடியில் தோன்றிய அருண்மொழித்தேவர், அநபாயச் சோழனின் அமைச்சராகி 'உத்தமசோழப் பல்லவராயன்' என்னும் பட்டம் பெற்றார். சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தின்பால் கொண்ட பற்றினால் அதே பெயரில் தம் ஊரிலும் ஒரு கோயில் எடுத்தார். பின்னர் அமைச்சுப் பதவியை விடுத்துத் தில்லை சென்று திருத்தொண்டர் வரலாற்றைப் பாடினார். அவர் தம்பி பாலறாவாயர் அரசனால் பதவியில் அமர்த்தப்பட்டார். அநபாயன் என்பவன் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) என்பது பெரும்பான்மை ஆய்வாளர் துணிபு.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. 'சேக்கிழார்' என்பது ஆட்பெயரன்று, குடிப்பெயர். சோழர் கல்வெட்டுகளில் சேக்கிழான் என்னும் அடையோடு அலுவலர் பலர் வருகின்றனர். இரண்டாம் இராசராசன் காலத்துத் திருமழபாடிக் கல்வெட்டு, குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் என ஒருவரைக் குறிப்பிடுகிறது. ஊரும் குடியும் பட்டமும் பொருந்துகின்றன, ஆட்பெயர் பொருந்தவில்லை. இவர் பெரியபுராண ஆசிரியரே என்று கொள்வாரும், அக்குடியில் வந்த மற்றோர் அலுவலர் என்று கொள்வாரும் உண்டு. எவ்வாறாயினும், ஒரு குடியினர் தலைமுறைதோறும் அரசுப்பணியில் இருந்தனர் என்பதும், குடிப்பெயரும் பட்டமும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்றன என்பதும் ஐயமின்றித் தெளிவாகின்றன. பிற்கால மரபு அக்குடியின் புகழ் முழுவதையும் ஒரே மனிதர்மேல் ஏற்றியது.

இந்தத் தெளிவை வைத்துக்கொண்டு மெய்ப்பேட்டை நோக்கலாம்.

சான்றுகளும் அவற்றின் காலமும்

அரியநாதரின் வாழ்க்கையைக் கூறும் செய்திகளில் பெரும்பகுதி காலின் மெக்கன்சி (1754–1821) தொகுத்த சுவடிகளின் வழியும் அவற்றை ஒத்த கைபீதுகளின் வழியும் அறியப்பட்டவை. வில்லியம் டெய்லர் 1835இல் இத்தகைய சுவடிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். ஜே.எச். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மாவட்டக் கையேடு அவற்றைத் தொடர்ச்சியான கதையாக்கியது. ஆர். சத்தியநாத ஐயர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாறு கல்வெட்டு, செப்பேடு, சேசுசபையினர் மடல்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அக்கதையைச் செப்பம் செய்தது. இன்று தமிழில் வரும் நூல்களில் காணப்படும் அரியநாதர் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றாம் வடிவத்தின் சுருக்கமேயாகும்.

அக்கதை வருமாறு: மெய்ப்பேட்டில் எளிய வேளாளர் குடும்பத்தில் பிறந்த அரியநாதர் கணக்கில் தேர்ந்து விசயநகரம் சென்றார். அங்கே கணக்கராகப் பணியேற்று அரசரின் நன்மதிப்பைப் பெற்றார். நாகம நாயக்கர் மதுரையைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டபோது, அவரை அடக்க அவர் மகன் விசுவநாதரே முன்வந்தார். விசுவநாதர் மதுரையின் நாயக்கரானதும் அரியநாதர் அவருக்குத் தளவாயும் பிரதானியும் ஆனார், தென்பாண்டியில் 'பஞ்சபாண்டவர்' எனப்பட்ட ஐவரை வெல்ல உதவினார், நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார், மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் அமைத்து ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் விட்டார், ஆயிரங்கால் மண்டபம் எடுத்தார், 1600இல் மறைந்தார்.

கணக்கரே படைத்தலைவரானார் என்பது இக்கதையில் வியப்புக்குரிய செய்தியாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது வியப்பன்று. பதினாறாம் நூற்றாண்டுத் தென்னிந்தியப் படை என்பது பெரும்பகுதி வருவாய்க் கணக்கே. எத்தனைக் காலாளுக்கு எந்த ஊரின் விளைச்சல், எத்தனைக் குதிரைக்கு எந்தத் துறைமுகத்தின் சுங்கம் என்று கணிப்பவரிடமே படையும் இருந்தது. தளவாய், பிரதானி என்னும் இரு பதவிகளும் ஒருவரிடம் குவிந்ததை இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும்.

எழுபது ஆண்டுக் கணக்கு

சத்தியநாத ஐயரின் வரிசைப்படி விசுவநாதர் 1529 முதல் 1564 வரையும், முதலாம் கிருஷ்ணப்பர் 1572 வரையும், வீரப்பர் 1595 வரையும், இரண்டாம் கிருஷ்ணப்பர் 1601 வரையும் ஆண்டனர். இந்நால்வருக்கும் அரியநாதர் பணியாற்றினார் என்பது மரபு. விசயநகரத்தில் கணக்கராகப் பெயர்பெற்ற பின்னரே 1529இல் மதுரை வந்தார் எனின், அப்போது அவருக்குக் குறைந்தது இருபத்தைந்து அகவையேனும் ஆகியிருக்க வேண்டும். 1600இல் மறைந்தார் எனின் தொண்ணூற்றைந்தைக் கடந்தவராகிறார். நீண்ட ஆயுள் இயலாததன்று. ஆனால் அறுபதாண்டுகளுக்கு மேல் படையையும் நிருவாகத்தையும் ஒருசேர நடத்தினார் என்பதை எளிதில் ஏற்க முடியாது.

மப்பேடு சிங்கீசுவரர் கோயில் பற்றிப் பரவலாகத் தரப்படும் குறிப்பு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகிறது. அக்கோயில் ஆதித்த கரிகாலன் காலத்தது என்றும், இராசகோபுரம், பதினாறுகால் மண்டபம், மதில், திருக்குளம் ஆகியவற்றைக் கிருஷ்ணதேவராயரின் தளவாயான அரியநாத முதலியார் 1501இல் செய்வித்தார் என்றும் அக்குறிப்பு கூறுகிறது. கிருஷ்ணதேவராயர் அரியணை ஏறியது 1509இல். 1501இல் தளவாயாக இருந்தவர் 1600 வரை வாழ்ந்திருக்கவும் இயலாது. ஆகவே இக்குறிப்பில் ஆண்டு பிழை, அல்லது அரசர் பெயர் பிழை, அல்லது 'அரியநாதர்' என்ற அடையாளமே பிற்சேர்க்கை. ஆண்டை மட்டும் திருத்திவிட்டுக் கதையை அப்படியே வைத்துக்கொள்ளும் போக்கு உள்ளூர் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது, அது முறையாகாது. தாம்பரத்துக்குக் கிழக்கேயும் ஒரு மப்பேடு இருப்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

சேக்கிழார் சிக்கலில் கண்ட தீர்வு இங்கேயும் பொருந்துகிறது. 'தளவாய்' என்பது பதவிப்பெயர். பின்னாளில் அதுவே குடிப்பெயரும் ஆயிற்று. திருநெல்வேலித் தளவாய் முதலியார் குடும்பம் அரியநாதர் வழியினராகத் தம்மைக் கூறிக்கொள்வது இதற்குச் சான்று. ஒரே குடியைச் சேர்ந்த இருவரோ மூவரோ அடுத்தடுத்து இப்பதவியில் இருந்திருக்க, மரபு அவர்களை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்தது என்று கொள்வதே காலக்கணக்கிற்கு ஏற்புடையது. இவ்வாறு கொள்வதால் அரியநாதர் என்பவர் கற்பனை மனிதர் ஆகிவிடமாட்டார். அவரது பணிக்காலம் குறுகும். அவருக்கு உரியவை எவை என்று பிரித்தறியும் கடமை கூடும்.

படைத்தலைவர் என்ற முறையில்

பஞ்சபாண்டவர் போரில் விசுவநாதரே எதிரித் தலைவரோடு தனித்து நின்று பொருதார் என்று கதை முடிகிறது. கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் இச்செய்தி உண்டு. கிருஷ்ணப்பர் காலத்துத் தும்பிச்சி நாயக்கர் கலகத்தையும் அதனைத் தொடர்ந்ததாகக் கூறப்படும் கண்டிப் படையெடுப்பையும் பற்றிய கதையில் முன்னிற்பவர்கள் பெரிய கேசவப்ப நாயக்கரும் சின்னக் கேசவப்ப நாயக்கரும் ஆவர். 1565இல் தலைக்கோட்டைப் போருக்கு மதுரையிலிருந்து சென்ற படைக்கு அரியநாதர் தலைமை தாங்கினார் என்பது மரபுச் செய்தி. ஆக, களத்தில் வாளேந்திய வீரராக அவரைக் காட்டும் கதைகள், அவரது புகழோடு ஒப்பிட, மிகச் சிலவே. அவருடைய படைத்தொழில் களத்தைவிட ஏற்பாட்டிலேயே இருந்தது என்று துணியலாம்.

அந்த ஏற்பாட்டின் உச்சமாகக் கூறப்படுவது பாளையப் பிரிவினை. பாளையக்காரர் தம் நிலவருவாயில் ஒருபங்கை மதுரைக்குத் திறையாகவும், ஒருபங்கைப் படைச்செலவுக்காகவும், ஒருபங்கைத் தமக்காகவும் வைத்துக்கொண்டனர் என்பர். இப்பகுப்பின் அறிவு எளிது: நடுவணரசு சம்பளம் கொடுக்க வேண்டாத ஒரு படை எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதன் ஆபத்தும் அதே இடத்தில்தான் உள்ளது. சம்பளம் கொடுக்காத படை கட்டளைக்கும் முழுதாகக் கட்டுப்படாது. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபும் கும்பினியும் பாளையக்காரரோடு பட்ட பாடு இதற்கு விளக்கம்.

இதனை ஒரே நாளில் ஒரே மனிதர் வகுத்தார் என்பது ஏற்கத்தக்கதா? எழுபத்திரண்டு என்பது மரபெண். அதனைச் சுட்டும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதில்லை. சேதுபதியை 72 பாளையங்களின் தலைவராகக் கூறும் வழக்குப் பிற்காலத்தது; சடைக்கன் சேதுபதியை இராமநாதபுரத்தில் நிலைநிறுத்தியவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், அதுவும் 1605ஐ ஒட்டி. அரியநாதர் மறைந்ததாகக் கூறப்படும் ஆண்டுக்குப் பின்னர் நிகழ்ந்ததை அவர் வகுத்த பட்டியலுக்குள் சேர்த்தால், அப்பட்டியல் அடுக்கடுக்காக வளர்ந்தது என்பது தானே வெளிப்படும். நிக்கோலஸ் டர்க்சின் புதுக்கோட்டை பற்றிய ஆய்வும் (1987), நாராயண ராவ், டேவிட் சுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் நாயக்கர் காலம் பற்றி எழுதிய நூலும் (1992) இவ்வரசுகளை மேலிருந்து வரையப்பட்ட நிருவாகத் திட்டமாகப் பார்ப்பதைவிட, முன்பே வேரூன்றியிருந்த மறவர், கள்ளர், தொட்டியர் தலைவர்களோடு செய்துகொண்ட உடன்பாடுகளாகப் பார்ப்பதற்கு வழிகோலின. அந்த உடன்பாடுகளுக்குக் கணக்கு எழுதியவர் அரியநாதர் என்றால் பொருந்தும். உருவாக்கியவர் என்றால் மிகை.

மண்டபமும் குதிரையும்

ஆயிரங்கால் மண்டபத்தை எடுப்பித்தவர் அரியநாதர் என்பதில் மரபு உறுதியாக நிற்கிறது. அதன் காலத்தை 1569 என்றும் 1572 என்றும் இருவகையாகக் கூறுவர். இரண்டும் முதலாம் கிருஷ்ணப்பர் ஆட்சிக்குள் அடங்குவன. தூண்கள் 985. எஞ்சிய பதினைந்துக்குரிய இடத்தைச் சன்னதிகள் கொண்டுள்ளன என்பர். பதினான்காம் நூற்றாண்டில் மாலிக் கபூர் படையெடுப்பாலும் பின்வந்த மதுரைச் சுல்தானியத்தாலும் தளர்வுற்ற கோயில், குமார கம்பணர் வருகைக்குப் பின் மெல்லமெல்ல மீண்டது. விசுவநாதர் காலத்தில் நகரமும் கோட்டையும் புதுக்கப்பட்டன. அம்மீட்சியின் பெருங்கட்டடம் இம்மண்டபம்.

மண்டபத்தின் நுழைவில் குதிரைமேல் அமர்ந்த வீரர் சிற்பம் உள்ளது. அதனை அரியநாதர் என மரபு அடையாளங்காட்டுகிறது. அதற்கு மாலை சூட்டும் வழக்கமும் குறிப்பிடப்படுகிறது. நாயக்க மன்னர்களின் உருவங்கள் வரிசையாக நிற்பது திருமலை நாயக்கர் (1623–1659) எடுத்த புதுமண்டபத்தில். அதற்கு ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக முன்னரே அமைச்சர் ஒருவர் குதிரையேறிக் கோயிலுக்குள் நிற்கிறார். அடையாளம் சரியெனின் இது சிறிய செய்தியன்று. மன்னர் பெயரில் திருப்பணி செய்வது அமைச்சர் கடமை. தம் உருவத்தை நிறுத்துவது அவ்வாறன்று. அரசர் நால்வர் மாறியபோதும் தாமே நிலைத்த ஒருவரின் தன்னுணர்வு அதில் வெளிப்படுகிறது.

ஐரோப்பாவிலும் இதே நூற்றாண்டை ஒட்டிப் படைத்தலைவர்கள் குதிரைச் சிலையாலும் வழிபாட்டிடத்தாலும் தம் பெயரை நிறுத்த முயன்றனர். வெனிசுக் குடியரசின் படைத்தலைவரான பர்தொலொமேயோ கொல்லியோனி (இறப்பு 1475) பெர்காமோவில் தமக்கென ஒரு சிற்றாலயம் கட்டுவித்து அதிலேயே அடக்கமானார். தம் செல்வத்தில் ஒருபகுதியை விட்டுச்சென்று, தமக்குப் புனித மாற்கு பேராலயத்தின் முன் குதிரைச்சிலை வைக்குமாறு கேட்டிருந்தார். வெனிசு பணத்தை ஏற்றுக்கொண்டது. வெரோக்கியோ வடித்த சிலையை 1496இல் நிறுவியது. இடத்தை மட்டும் மாற்றிப் புனித மாற்கு சங்கத்தின் கட்டடத்தருகே வைத்தது. ஒரு தனிமனிதரின் உருவம் நகரின் நடுவில் நிற்பதை அக்குடியரசு விரும்பவில்லை.

ஒப்புமை இதற்குமேல் செல்லாது. கொல்லியோனியின் ஆலயம் அவரது கல்லறை; அங்கே செய்யப்படும் மன்றாட்டு அவரது ஆன்மாவுக்காக. தமிழகக் கோயிலுக்குள் உடலடக்கத்துக்கு இடமில்லை. இங்கே புரவலர் பெறுவது மரியாதை: பரிவட்டம், மாலை, பிரசாதம், நிற்கும் இடம். அந்த மரியாதை அவரோடு முடியாமல் அவர் குடிக்குச் செல்லும். அர்ஜுன் அப்பாதுரை திருவல்லிக்கேணிக் கோயிலை முன்வைத்து 1981இல் விளக்கிய மரியாதைப் பகிர்வு முறை இதுவே. கோயிற்கொடை என்பது செல்வத்தைச் செலவிடுவதாகத் தோன்றினும், பதவியைக் குடிவழிச் சொத்தாக மாற்றும் வழியாகவும் இருந்தது. சேக்கிழார் குன்றத்தூரில் எடுத்த திருநாகேச்சுரமும் இத்தகையதே. சோழநாட்டுத் தலமொன்றன் பெயரைத் தம் ஊருக்குக் கொண்டுவந்ததன் மூலம், தலைநகரில் பெற்ற உயர்வைப் பிறந்த மண்ணில் பதித்தார்.

அரியநாதர் செய்தது மறுதலை. அவர் ஊரை மதுரைக்குக் கொண்டுவந்தார். வைகைக் கரையில் உள்ள சோழவந்தானில் காஞ்சிபுரப் பகுதியிலிருந்து தொண்டை மண்டல வேளாளர் குடும்பங்களைக் குடியேற்றிக் கோட்டையும் அமைத்தார் என்பது மதுரை மாவட்ட வரலாறுகளில் இடம்பெறும் செய்தி. தெலுங்கு மொழி பேசும் நாயக்கர், உள்நாட்டு மறவர், கள்ளர், பழைய பாண்டியர் கிளையினர் ஆகியோருக்கிடையே வேற்று மண்டலத்துக் கணக்கர் ஒருவர் நிலைப்பதற்குச் சொந்தக் குடியினரின் அணுக்கம் தேவைப்பட்டது. எவரோடும் பழம்பகையும் உறவும் இல்லாத இந்த அயன்மையே அவரை நாயக்கருக்கு நம்பத்தக்கவராக்கியிருக்கக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டு நூல்கள் சில அரியநாதரைத் தெலுங்கரசின் பின்னின்ற தமிழ் மூளையாகச் சித்திரிக்கின்றன. வேறு சில அவரைக் குடிப்பெருமையின் நாயகராக்குகின்றன. இரண்டும் கைபீதுகளின் தொடர்ச்சியே. கைபீதுகள் பெரும்பாலும் உரிமை கோரும் ஆவணங்கள். புதிய ஆட்சியாளரிடம் தம் பழைய மரியாதையையும் நிலத்தையும் நிலைநாட்ட எழுதப்பட்டவை. ஒரு பாளையக்காரர் தம் பாளையம் அரியநாதர் கையால் தரப்பட்டது என்று எழுதும்போது, அவர் வரலாறு எழுதவில்லை, பட்டா காட்டுகிறார். இதனை மறந்து அச்செய்திகளைக் கூட்டினால் கிடைப்பது நூறாண்டு வாழ்ந்த ஒரு மாமனிதர்.

இப்பின்னணியில் மப்பேட்டுக் கோயிலின் கோபுரமும் பதினாறுகால் மண்டபமும் தனி முக்கியத்துவம் பெறுகின்றன. கட்டடப் பாணியைக் கொண்டு அவற்றின் காலத்தைக் கணிக்க இயலும். தூண்களின் போதிகை, அடித்தளத்தின் அமைப்பு, தூண்களில் உள்ள புடைப்புருவங்கள் ஆகியவற்றை மதுரை ஆயிரங்கால் மண்டபத்தோடும், காஞ்சிப் பகுதியின் விசயநகரக் கால மண்டபங்களோடும் ஒப்பிட்டால், பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியா பிற்பகுதியா என்பதையேனும் வரையறுக்கலாம். முற்பகுதி எனின், அது மதுரைத் தளவாயின் பணியன்று. அதே ஊரில் அவருக்கு முன்னரே செல்வாக்கோடு இருந்த ஒரு குடியின் பணி. எளிய குடும்பத்தில் பிறந்தவர் என்ற கதைத் தொடக்கமும் அப்போது மாறும். பிற்பகுதி எனின், மதுரையில் பெற்றதைச் சேக்கிழாரைப் போல ஊருக்கும் அனுப்பினார் என்றாகும். குன்றத்தூரிலிருந்து மப்பேடு வரை சாலைகள் விரிந்தும் நிலங்கள் கைமாறியும் வரும் இக்காலத்தில், கோயிலுக்கு வெளியே நிற்கும் மண்டபங்கள், குளக்கரைக் கற்கள், எல்லைக் கற்கள் ஆகியவற்றை அளந்து படமெடுத்துப் பதியும் பணி இக்கேள்விக்கு முதலில் தேவைப்படுவது. கோபுரம் அங்கேயே நிற்கும். குளக்கரைக் கல் நில்லாது.